கஷாயம் சாரும் வெயில் காய்ந்த வெள்ளியும்

பழனி மலைத்தொடரில் முளைக்கிற செடி, கொடி, மரம், களை அத்தனையையும் கொதிக்க வைத்துப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வைத்தியர் இல்லை, சமையல்காரரும் இல்லை. அவர் காய்ச்சியதில் ஒரு சொட்டைக்கூட யாரும் குடித்ததில்லை. ஆனாலும் கொடைக்கானலில் பூ விற்கிற அம்மாவிலிருந்து போஸ்ட்மேன் வரை அவரைக் கஷாயம் சார் என்றுதான் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயரை நானே நூறு தடவை டைப் அடித்திருக்கிறேன். இருந்தும் இப்போது யோசித்தால் கஷாயம் என்பதுதான் முதலில் வாயில் வருகிறது.

இரண்டாயிரத்து நாலிலிருந்து ஐந்தாறு வருடம் நான் கொடைக்கானலில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், கல்யாணப் பத்திரிகை. குளிரில் விரல் விறைத்துப்போய், எந்த எழுத்தை அடிக்கிறோம் என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். அடித்த பக்கத்தில் திருத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கஷாயம் சார் திருத்தியதையே திருத்துவார். மூன்றாவது தடவை வந்து, "மொத நீ அடிச்சதுதாம்மா நல்லாருந்துச்சு, அதையே வச்சிரு" என்பார்.

அவர் அங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். மாணவர் என்றால் இளவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்து நாலு வயது, காதோரம் நரை, கழுத்தில் மஃப்ளர், தோளில் எப்போதும் இலை பிதுங்கும் ஒரு துணிப்பை. மேல்மலையில் பூண்டு விவசாயம் பார்க்கிற குடும்பம். பி.எச்டி. பதிவு செய்து ஆறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்படி என்னதான் சார் பண்றீங்க அங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வெள்ளி பண்றேம்மா."

"கொலுசா?"

"கண்ணுக்குத் தெரியாத வெள்ளி. உன் தலமுடி ஒண்ண எடுத்து, குறுக்குவாட்டுல ஆயிரங் கூறு போட்டா ஒரு கூறு எம்புட்டு வரும்? அம்புட்டுக்காணு."

அதற்குப் பெயர் நானோ துகள். வெள்ளி உப்பைத் தண்ணீரில் கரைத்தால் பச்சைத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். அதிலிருந்து வெள்ளியைத் துகளாகப் பிரிக்க மற்றவர்கள் காரமான ரசாயனங்களைப் போடுவார்கள். இவர் இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி அந்தச் சாற்றை ஊற்றுவார். இலை அந்த வேலையைச் செய்துவிட்டால் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். அந்தப் பழுப்புத் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்க வைக்கிற கிருமி செத்துப்போகும். அதில் துணியை நனைத்துக் காயத்துக்குக் கட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு.

"பூண்டுக் காட்டுல மம்பட்டி கால்ல பட்டுருச்சுன்னு வச்சுக்க. பஸ்ஸு வந்து, அதுல ஏறி, இங்க ஆஸ்பத்திரி வந்து சேருறதுக்குள்ள பொழுது போயிரும். ரெண்டு நாள் பாத்துக்கிருவோம்னு இருந்து இருந்தே எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு வெரலு போச்சு" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் பேச்சில் விளையாட்டு இருக்காது.

மற்ற நேரமெல்லாம் அவரைச் சுற்றி ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும். ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் அந்த இலைப்பையைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டு வாரமா நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு. ஏதாச்சும் குடுங்களேன்."

"ஐயா, இது குடிக்கிறது இல்லைங்க. வெள்ளி செய்யறதுக்கு."

"வெள்ளி பஸ்பமா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. தேன்ல கொழச்சா, நெய்யிலயா?"

பஸ்பத்துக்கும் நானோ துகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கஷாயம் சார் விளக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் விளக்கினார். என் மேசையில் இருந்த பேப்பர் வெயிட், குண்டூசி டப்பா, பசை பாட்டில் எல்லாம் அணுவாகவும் துகளாகவும் மாறி இடம் பெயர்ந்தன. பெரியவர் இருமுவதையே மறந்துவிட்டார். போகும்போது, "சொகமா இருக்கு தம்பி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வெள்ளி உப்புக்கு ஒரு குணம் உண்டு. கையில் பட்டால் தோல் கறுத்துவிடும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கஷாயம் சாருக்குப் பத்து விரலும் நகக்கண் வரை கறுப்பு. சட்டசபைத் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியில் இவர் கையை நீட்டியதும் அங்கிருந்த அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னங்க இது? பத்து வெரல்லயும் மை வச்சிருக்கு! எத்தன பூத்துல போட்டுட்டு வர்றீங்க?"

"இது கறைங்க சார். உங்க மையில இருக்கதும் இதே வெள்ளி உப்புத்தான். நீங்க துளியூண்டு வைக்கிறீங்க. நான் தெனமும் அதுல குளிக்கிறேன்."

எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் இருவரும் அந்தத் தேர்தலில் ஒற்றுமையாக நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுதான். இவரை விடக்கூடாது என்று இருவரும் சொன்னார்கள். வரிசை வாசல் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் வரிசையில் நின்ற கல்லூரிக்காரர்கள் சாட்சி சொல்லி, மை வைக்க வெள்ளையாக ஒரு இடம் தேடி, இடது சுண்டு விரலின் ஓரத்தில் கண்டுபிடித்தார்கள். மறுநாள் கடைக்கு வந்தவர் அந்த விரலை என்னிடம் நீட்டி, "அரசாங்கச் சரக்கு கொஞ்சம் மட்டந்தாம்மா. பாரு, என்னுது நல்லாக் கறுத்திருக்கு" என்றார்.

ஆனால் அவருக்கும் ஆராய்ச்சி உலகத்துக்கும் நடந்த பெரிய சண்டை இரண்டே வார்த்தைக்காக. ரூம் டெம்பரேச்சர். எல்லா ஆராய்ச்சிக் கட்டுரையிலும் 'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்று எழுதியிருப்பார்கள். எழுதியவர்கள் எல்லாம் சமவெளிக்காரர்கள்.

"எந்த ரூமு? யாரு ரூமு?" என்று என்னிடம் கத்துவார், நானே எழுதியது போல. "மதுரையில ரூமுன்னா முப்பத்திரண்டு டிகிரி. இங்க ரூமுன்னா பதினொண்ணு. அவன் ரூமுல ரெண்டு மணி நேரத்துல நெறம் மாறுறது என் ரூமுல ரெண்டு நாளு கெடக்கு!"

அவருடைய ஆய்வேட்டில் அந்த இரண்டு வார்த்தை எங்கே வந்தாலும், எத்தனை டிகிரி, ஜன்னல் மூடியதா திறந்ததா, வெளியே மழையா மூட்டமா என்று நான் அடிக்க வேண்டியிருந்தது. அத்தோடு விட்டாரா? குடுவையைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடேற்றி, சூடு போகாமல் இருக்க அதற்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டார். அக்கா பிள்ளைகளின் பழைய ஸ்வெட்டர்கள், கழுத்துக்கு மேலே ஒரு குரங்குக் குல்லா. வெள்ளித் தண்ணீரில் வெளிச்சம் படவும் கூடாது என்பதால் இரண்டு வேலையையும் ஸ்வெட்டரே பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு குடுவை. ஒன்றில் வெள்ளியும் இலைச்சாறும். இன்னொன்றில் வெள்ளி மட்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நான் ஒருதடவை ஏதோ கையெழுத்து வாங்கப் போனபோது, ஆய்வக மேசையில் எல்.கே.ஜி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கிருமி வளர்க்க முப்பத்தேழு டிகிரி சூடு வேண்டும். அதற்கு ஒரு மின்சாரப் பெட்டி இருந்தது, மின்சாரம்தான் இருப்பதில்லை. இவர் கிருமித் தட்டுகளை டேப் போட்டு ஒட்டி, இட்லி கொண்டுவரும் ஹாட்பேக்கில் வெந்நீர்ப் பையோடு அடைத்து வைத்தார். அதைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்ததுதான் தப்பு. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு மேடம் மதியம் பசியோடு வந்து மூடியைத் திறந்தார். வட்டமாக, வெளிர் மஞ்சளாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு. மேடம் அதற்கப்புறம் ஒரு வாரம் இட்லியே தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அறுபதுக்கும் மேற்பட்ட இலைகளைக் காய்ச்சிப் பார்த்தார். பேரி இலை, பிளம்ஸ் இலை, கேரட் தழை, பூண்டுத் தாள். எல்லாம் ஒன்றரை நாள், இரண்டு நாள் எடுத்துக்கொண்டன. கடைசியில் ஒரு தை மாதம் தைல மர இலைக்கு வந்தார். மலை முழுக்க நிற்கிற மரம், யாரும் திரும்பிப் பார்க்காத இலை. காலையில் எட்டு மணிக்குக் குடுவையில் ஊற்றி ஸ்வெட்டர் போட்டுவிட்டு, இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போனார். பதினோரு மணிக்கு வந்து குல்லாவைக் கழற்றினால், தண்ணீர் நல்ல பழுப்பு. வெள்ளி மட்டும் இருந்த குடுவை அப்படியே இருந்தது. மறுநாள் செய்தார், அதே. பத்து நாள் செய்தார், பத்து நாளும் அதே.

பத்தாம் நாள் அவர் கடைக்கு ஓடிவந்ததைப் பார்க்க வேண்டுமே. மஃப்ளர் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். "மூணே மணி நேரம்மா! மூணே மணி நேரம்!" என்று கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பெரிய நுண்ணோக்கியில் படம் எடுக்க அந்தத் தண்ணீரை மதுரைக்குக் கொண்டுபோனார். மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் குப்பியைச் சாயாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனாராம். படத்தில் துகள்கள் உருண்டை உருண்டையாக, அழகாக வந்திருந்தன. கிருமிச் சோதனை, கட்டுத்துணிச் சோதனை எல்லாமே இந்தத் தைல இலை வெள்ளியை வைத்துத்தான் நடந்தது. நான் நூற்றெண்பது பக்கம் அடித்து முடித்தேன். கைடு மேடம் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கக் கடைசி நாள். சமர்ப்பித்த ரசீதைக் காட்டினால் சமவெளியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேல்மலையில் அவருடைய அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் கடைசித் திருத்தங்களைப் பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது செபஸ்தியம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க உள்ளே வந்தார். இவர்தான் அந்த ஆய்வகத்தின் அட்டெண்டர். ஐம்பது வயதுக்கு மேல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். விடியும்போதே வேலைக்கு ஆள் எண்ணுகிற தோட்டத்துப் பழக்கம் விடாமல், ஒன்பது மணி வேலைக்கு எட்டரைக்கே வந்து நிற்பார்.

"முடிஞ்சுதா தம்பி?" என்று பெருமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "தம்பிட கம்பளிச் சட்டைய எல்லாம் நாந்தான் பாத்துக்கிட்டேன், தெரியுமா பிள்ள? தை மாசப் பனி பொல்லாதது. காலையில தொட்டா சட்டை சொதசொதன்னு கெடக்கும். ஈரச் சட்டையோட வுட்டா யாருக்குந்தான் குளிரும். கழட்டி ஜன்னல்ல காயப்போடுவேன். போத்தலையும் பக்கத்துலயே நல்ல வெயில்ல வப்பேன். தம்பி வார நேரத்துக்குத் திரும்ப மாட்டி வச்சிருவேன்."

கஷாயம் சாரின் பேனா நின்றுவிட்டது. கொடைக்கானலில் தை மாதம் வெயில் எட்டிப்பார்த்தால் ஊரே தெருவுக்கு வந்துவிடும். துணி, போர்வை, மிளகாய், கைக்குழந்தை எல்லாவற்றையும் வெயிலில் காட்டுவது எங்கள் எல்லோருக்கும் மூச்சு விடுவது போன்ற பழக்கம். அந்த அம்மாளுக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

"எல்லாப் பாட்டிலையுமா வச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லையே. எலத்தண்ணி ஊத்துனத மட்டுந்தான். மத்தது வெறுந்தண்ணி தானே தம்பி, அதுக்கு என்ன சளியா பிடிக்கப் போகுது? அது மேசையிலேயே இருந்துச்சு."

எனக்கே புரிந்துவிட்டது, அத்தனை பக்கம் அடித்தவள் இல்லையா. வெள்ளி உப்புக்கு வெயில் பட்டாலே நிறம் மாறுகிற குணம் உண்டு. பழைய ஃபிலிம் ரோல் வெளிச்சத்தில் கறுப்பது அதனால்தான். மற்ற அறுபது இலைகளையும் மழையிலும் மூட்டத்திலும் ஸ்வெட்டருக்குள்ளேயே வைத்துச் சோதித்திருந்தார். வெயில் காய்ந்தது தைல இலை மட்டும். அந்த மூன்று மணி நேரத்தில் இலை செய்தது எவ்வளவு, வெயில் செய்தது எவ்வளவு? யாருக்கும் தெரியாது. ஆய்வேடு முழுக்க நின்றதே அந்த மூன்று மணி நேரத்தின்மேல்தான்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து செபஸ்தியம்மாவுக்கு நாற்காலி போட்டார். பக்கத்துக் கடையில் டீ சொல்லி, அந்த அம்மாள் பால் போடாத சாயத்தண்ணிதான் குடிப்பார் என்று ஞாபகமாக அதையே வரவழைத்தார். எத்தனை மணிக்கு எடுத்து வைப்பீர்கள், எந்த ஜன்னல், எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த அம்மாள் தன்னைப் பேட்டி காண்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் பதறினேன். "சார், பேசாம திங்கட்கிழமை கொண்டுபோய்க் குடுத்துருங்க. யாருக்குத் தெரியப் போகுது? அப்புறமா வேலையில சேந்துக்கிட்டு, நிதானமா மறுபடி செஞ்சு பாருங்க."

இதைச் சொன்னது நான்தான். மறைக்க விரும்பவில்லை.

அவர் திரையில் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எழுதியிருக்கதப் பாத்து, எங்கயோ ஒரு பய இருட்டு ரூமுல வச்சுச் செய்வாம்மா. வராது. திரும்பச் செய்வான். வராது. நம்மளுக்குத்தான் அறிவில்ல போலன்னு உக்காந்து அழுவான். என் தப்புக்கு அவன் ஏன் முட்டாளாகணும்?"

"உங்க அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அதுதான் தெரியல" என்றார். மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும். செபஸ்தியம்மா காதுக்கு இது போகவே கூடாது. போனா அந்தம்மா சோறு திங்காது" என்றார். பிறகு கைடு மேடத்துக்கு என் கடை போனிலிருந்தே பேசினார். கடைசியில், "கையெழுத்துப் போட்ட தாளக் கிழிச்சிட்டு லேபுக்கு வா" என்று மேடம் சொன்னது எனக்கே கேட்டது.

திங்கட்கிழமை போயிற்று. வேலை வேறு யாருக்கோ போயிற்று. பதிவும் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார். கடைசி நாளை ஏன் விட்டார் என்பது தெரியாமலே ஊரில் சிலர் அவரைக் கிறுக்கு என்றார்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கோபத்தில்.

இந்தத் தடவை நான்கு குடுவை. இலை போட்டதும் போடாததும் வெயிலில், இலை போட்டதும் போடாததும் இருட்டில். வெயிலுக்குப் பொறுப்பு செபஸ்தியம்மா. எழுதத் தெரியாத அந்த அம்மாள் காலண்டர் தாளில் தினமும் வட்டம் போட்டுக் கொடுத்தார். நல்ல வெயிலுக்கு முழு வட்டம், மேகம் வந்து போனால் பாதி, மூட்டத்துக்குப் புள்ளி. கஷாயம் சார் அந்தத் தாள்களை ஒன்றுவிடாமல் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொன்னார், நான் ஸ்கேன் செய்தேன். இருட்டில் தைல இலையும் மற்ற இலைகளைப் போலவே ஒன்றரை நாள் எடுத்தது. இலை இல்லாத வெயில் குடுவை லேசாகச் சாம்பல் பூத்ததோடு சரி. இலையும் வெயிலும் சேர்ந்தால்தான் அந்த மூன்று மணி நேரம். இதைச் சந்தேகமில்லாமல் சொல்ல அவருக்கு மேற்கொண்டு இரண்டு வருடம் ஆனது.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். நான் கடையை மூடிவிட்டுப் போனேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடுமையான ஆள். கேள்வி மேல் கேள்வி. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெயிலோட பங்கு இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? இதுதான் உங்க ஆய்வுலயே முக்கியமான இடம்" என்றார்.

"எனக்குத் தோணலைங்க சார். அத மொதல்ல செஞ்சது அவங்கதான். நன்றியுரையில அவங்க பேருதான் மொதல்ல இருக்கு" என்று கஷாயம் சார் பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே டீ டம்ளர் தட்டோடு செபஸ்தியம்மா நின்றுகொண்டிருந்தார்.

அத்தனை தலையும் திரும்பியதில் அவர் தட்டோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "ஐயா, நான் என்னத்தப் பெருசா செஞ்சேன்? குளிருமேன்னு வெயில்ல வச்சேன்" என்றார்.

தேர்வாளர் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அறை முழுக்கக் கைதட்டல். செபஸ்தியம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அவருடைய அந்த ஒரு ஜன்னல் வெயிலுக்கு இன்னொருவர் என்ன விலை கொடுத்தார் என்பது அந்த அறையில் கைடு மேடத்தையும் என்னையும் சேர்த்து மூன்றே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் முன்னால் நின்று, தன் பட்டம் உறுதியானதைக்கூட மறந்து, அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் தட்டி ஓய்ந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.